வாய் கட்டிய டைனோசர்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். குன்னத்தூர் பக்கத்தில் ஒரு பிரைமரி ஸ்கூலில் நடந்தது இது. நடந்தது நித்யஸ்ரீ மிஸ்ஸுக்கு. பேய் என்று சொன்னால் சிரிக்கிற ஆள் அவள்.

கண்காட்சிக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு டைனோசர் செய்யச் சொல்லியிருந்தார் தாளாளர். அதில் பேர் வாங்கினால்தான் அடுத்த வருஷமும் அவளுக்கு வேலை. மூங்கில் குச்சியில் கூடு கட்டி, பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைத் திணித்து, மேலே களிமண் பூசினார்கள். நூல் சுற்றிவருகிற கோன் அட்டையை வெட்டிப் பல் வைத்தார்கள். அகலத் திறந்த வாய். பிள்ளைகளுக்கு அந்த வாய்தான் பெருமை.

செவ்வாய்க்கிழமை காலையில் வாய் மூடியிருந்தது. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சு. வெள்ளைப் பனியன் துணி.

"யார்ரா கட்டுனது?"

"நாங்க இல்லீங்க மிஸ்."

வேறு யார் செய்வார்கள், இந்த வால் இல்லாத வானரங்களைத் தவிர? அவிழ்த்தாள். தாடையைப் பிளந்து, உதிர்ந்த பல்லையெல்லாம் திரும்ப ஒட்டினாள். அரை நாள் வீண். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

புதன்கிழமை மறுபடியும் அதே கட்டு. கூடவே பின்னங்கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ரூம் சாவி ராத்திரி முழுக்க அவள் பையில்தான் இருந்தது.

பிள்ளைகளில் கவின் மட்டும் கிட்டவே வரவில்லை.

"எங்க அப்புச்சி செத்தப்ப இப்படித்தாங்க மிஸ் கட்டியிருந்தாங்க."

"பேசாம போய் உக்காரு" என்று கத்திவிட்டுக் கட்டுகளை அவிழ்த்தாள். வேலை போகிற கவலையில் இருப்பவளிடம் வந்து சாவுக் கதை சொன்னால்?

வியாழன் சாயங்காலம். விடிந்தால் கண்காட்சி. பிள்ளைகள் போன பிறகு கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாகப் பெயிண்ட் அடித்தாள். 5.40-க்குக் கரண்ட் போனது. பிரஷ்ஷைக் கழுவ வாளிப் பக்கம் திரும்பினாள்.

சர்ர்ர்...

துணி கிழிகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தாள்.

வாய் கட்டியிருந்தது. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு.

கதவு தாழ் போட்டபடியே இருந்தது...

பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம். கத்தரிக்கோலை எடுத்துக் கட்டை வெட்டினாள். தாடையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளேயிருந்து சூடாக ஒரு மூச்சு... அவள் விரலில் பட்டது.

ஓடினாள்.

மறுநாள் கண்காட்சியில், திறந்த வாயோடு நின்ற டைனோசருக்கு முதல் பரிசு கிடைத்தது. அடுத்த வருஷமும் வேலை உண்டு என்றார் தாளாளர். டைனோசரை அவர் அறை வாசலிலேயே நிறுத்தினார்கள். டைனோசருக்குக் களிமண் கொண்டுவந்து கொட்டிய டிராக்டர்காரர் தனபால் அடுத்த வாரம் வந்தபோது கேட்டாள்.

"மண்ணு எங்கீங்க எடுத்தீங்க?"

"குட்டைக் கரையிலங்க. நமக்கு அப்பத் தெரியாதுங்க மிஸ்..." இழுத்தார். "போன மாசம் காய்ச்சல்ல போன ஒரு கொழந்தைய அங்கதான் பொதைச்சாங்களாமா. கம்பெனி ரூம்ல இருந்த தெக்கத்திக் குடும்பமுங்க. அவசரத்துல எம்புள்ள வாயக்கூடக் கட்டாம பொதைச்சுட்டமேன்னு அந்தம்மா இன்னும் அழுவுதாம்."

அன்று சாயங்காலம் அவளே ஒரு வெள்ளைத் துணி எடுத்துப் போனாள். கும்பிட்டுவிட்டு வாயைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

காலையில் வந்து பார்த்தாள்.

துணி கீழே கிடந்தது. அவிழவில்லை. அன்று அவள் வெட்டியது போலவே, கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது.