பச்சை பட்டனை அழுத்திய கை

எங்கள் மோட்டார் ரூம் வாசலுக்கு மேலே ஒரு சின்ன பல்பு உண்டு. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் நாளில் சில மணி நேரம்தான் வரும்; வந்தால் அது எரியும். கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் நாங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடி, ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை அழுத்துவோம். கணவர் இறந்து அண்ணன் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வேலை என்னுடையது.

ஒரு நாள், போர்த் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசரின் பெல்ட் நழுவிவிட்டது. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று அண்ணன் பியூஸைப் பிடுங்காமல் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டு போனேன்.

"கரண்ட் வந்தாலும் போட்றாத அம்மணி."

"செரிங்கண்ணா."

டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வாசலில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். வானம் கறுத்திருந்தது. கொடியில் துணி கிடக்கிறதே என்று நினைத்தேன். தலைக்கு மேலே பல்பு எரிந்தது.

அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் இரண்டடி தள்ளி இருப்பதும் தெரியும். அலறல் கேட்ட பிறகுதான் என் விரல் பட்டன் மேல் இருப்பதைப் பார்த்தேன். அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிய நாளில், யாரிடமும் வாய் திறக்காத நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். தெரிந்திருந்தும் கை எப்படிங்க போகும்?

"பழகின வேலைக்கு மூளை உங்களைக் கேட்டுட்டு இருக்காதும்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். அதைச் சமையலறையில் அண்ணன் மனைவியிடம் சொன்னது என் தப்பு. அவர் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"மூளை செஞ்சுபோடுச்சா? செரி. அந்த மூளை யாருதுங்க?"

அரிந்து வைத்த வெங்காயத்தை எடுத்துச் சட்டியில் போட்டேன்.

அதன் பிறகு என்னையே வேவு பார்க்க ஆரம்பித்தேன். பஸ் ஏறிய பிறகு வீட்டைப் பூட்டினேனா என்று யோசிப்பேன். திரும்பி வந்து பார்த்தால் பூட்டியிருக்கும். பூட்டியது யார்? ரசத்துக்கு உப்புப் போட்ட நினைவே இருக்காது, உப்பு சரியாக இருக்கும். முன்பெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். செல்போனில் மூளையைப் பற்றி நிறைய வீடியோ பார்த்தேன். பத்தாவது படித்தவளுக்குப் பாதிதான் புரிந்தது. 'அதை நீ செய்யவில்லை' என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து தேங்காய் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று கையை உதறினார்.

"அரிக்குது அம்மணி."

"எங்கீங்கண்ணா?"

"மோதர விரல்ல."

அந்த விரல்தான் இல்லையே. கையிலிருந்த மட்டையைக் கீழே வைத்தேன்.

"நெசமாத்தான். அடிக்கடி இப்பிடித்தான்," என்றார். "உம்பட மூளை சொல்லாமச் செய்யுது, எம்பட மூளை இல்லாததச் சொல்லுது. ஒரே வவுத்துல பொறந்தவங்கன்னு இதுல தெரியுது பாரு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கையை நீட்டினார். விரல் இருந்த இடத்தில், வெறும் காற்றில், நான் சொறிந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார்.

அண்ணன் மனைவி கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து மோட்டார் ரூம் பல்பு எரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழ நினைக்கக்கூட இல்லை. ஆனால் அண்ணனின் கையருகே என் வலது கை ஒரு முறை துடித்தது.

அவருக்கும் அது தெரிந்திருக்கும். மீதி மூன்று விரல்களால் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.