கரடி தண்ணீர் குடித்த பௌர்ணமி

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தின் சுவரில் ஒரு கரடிப் படம் தொங்குகிறது. கரடி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். நிலா வெளிச்சத்தில் எடுத்த படம். கறுப்பாக ஒரு மேடு குனிந்திருக்கும், முன்னால் கொஞ்சம் தண்ணீர் மினுங்கும், மேட்டின் முதுகில் இன்னொரு சின்ன மேடு ஒட்டியிருக்கும். அது குட்டி. படத்தை எடுத்தவரே கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார். நான் கணக்கு நடத்தும்போது அது என் தலைக்கு நேர் பின்னால் இருக்கும். பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்களா கரடியைப் பார்க்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அவரை எல்லோரும் இங்கிலீஷ் சார் என்போம். வெளிநாட்டுக்காரர். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சம்பளம் வாங்காமல் பாடம் எடுக்கிறேன் என்று சைக்கிள் மிதித்து அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்தார். சம்பளம் வாங்காமல் என்று சொல்லும்போது எங்கள் நிர்வாகிகளுக்குக் குரல் தழுதழுக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் மாறி வந்து நான் வாங்கியதும் கிட்டத்தட்ட சம்பளம் இல்லாத கணக்குதான். அதற்காக யாருக்கும் தொண்டை அடைத்ததில்லை. ஆனால் ஒன்று, மனிதர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். அதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

லீவு விட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. வால்பாறை, அந்தமான், இலங்கை, போர்னியோ என்று காடு காடாகப் போவார். திரும்பி வந்த முதல் நாள் பாடம் நடக்காது. சிங்கவால் குரங்கு தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதை மேசைமேல் ஏறி நடித்துக் காட்டுவார். முதலை படகை உரசியபோது தன் முகம் எப்படிப் போனது என்று காட்டுவார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நானும் கதவோரம் நின்று சிரித்திருக்கிறேன். "நம்ம மலையிலயே மானும் மயிலும் இருக்குதே சார்" என்று ஒருமுறை கேட்டேன். "அது தினமும் இருக்கு டீச்சர்" என்றார்.

அவருக்குப் பிடிக்காத நாள் பௌர்ணமி. மலை சுற்றும் பாதையில் கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் கை நிறையும் நாள். பிள்ளைகளும் கடையில் நின்றாக வேண்டும். அதனால் பௌர்ணமி அன்று மையம் திறப்பதில்லை. இதை அவரால் தாங்கவே முடியவில்லை. "படிப்புக்கு லீவு இல்ல" என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டு, கடை கடையாக நின்று தாய் தகப்பன்களிடம் சொன்னார். வெள்ளைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறாரே என்று அவர்களும் தலையாட்டிவிட்டு, அடுத்த பௌர்ணமிக்கும் பிள்ளைகளைக் கடையில் நிறுத்தினார்கள்.

அவர் பேச்சை நெஞ்சில் வாங்கிக்கொண்டவள் ஒருத்தி இருந்தாள். சுக்கு காபியும் சுண்டலும் விற்கும் அம்மாவின் மகள், பத்தாம் வகுப்பு. அப்பா இல்லை. கணக்கில் என்னையே மடக்குவாள். இங்கிலீஷ் மட்டும் அவளுக்கு வழுக்குப் பாறை. பத்தாவது தேறினால் மேலே படிக்கலாம், தேறாவிட்டால் கடை என்று அவள் அம்மா முன்பே சொல்லியிருந்தார். மாசிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது, பரீட்சை அதற்கடுத்த மாதம். அன்று மத்தியானம் சிறப்பு வகுப்பு என்று சார் அறிவித்தார். "நீ வா. உன்னை பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்பு" என்று அவளிடம் தனியாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை மசினகுடிக்குப் பஸ் ஏறினார். ஞாயிறு காலை வந்துவிடுவேன், கதவை மட்டும் திறந்து வையுங்கள் என்று என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

பௌர்ணமிக்கு ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து கூட்டத்தில் முட்டி மோதி நடந்து வந்து கதவைத் திறந்தேன். அவள் ஒருத்தி மட்டும் வந்திருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னபோது அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. காத்திருந்தோம். கணக்கு போடலாமா என்றேன். "இல்ல டீச்சர், சார் வந்துடுவாரு" என்று இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவர் போனுக்கு மணி போகவே இல்லை. வெயில் தாழ்ந்தது. உள்ளே புழுக்கம் தாங்காமல் இருவரும் வாசற்படியில் வந்து உட்கார்ந்தோம். பாதையில் அரோகரா சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. நிலா மேலேறி வந்த நேரத்துக்கு அவள் அம்மா வந்தார்.

"இன்னா டீச்சர், சாரு வரலியா?"

"பஸ் கெடச்சிருக்காதும்மா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, மகளையும் திட்டவில்லை. "வா. ஆளில்லாம கூட்டம் திரும்பிப் போவுது" என்றார். அவள் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மாவின் பின்னால் போனாள்.

புதன்கிழமை சார் வந்தார். அன்றும் பாடம் நடக்கவில்லை. காட்டோர விடுதிக்காரர் ஒருவர், முழு நிலாவில் குட்டையருகே பரணில் உட்கார இடம் இருக்கிறது என்றாராம். விடிய விடிய உட்கார்ந்தாராம். கரடி வந்ததாம், முதுகில் குட்டியோடு. தரையில் நாலு காலில் தவழ்ந்து, தண்ணீர் குடித்துக் காட்டினார். அந்தப் பெண் முன் வரிசையில் இருந்தாள். "குட்டி எப்டி சார் கீழ வுழாம இருக்குது?" என்று அவள்தான் கேட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சைக்கிளை எடுக்கும்போது மறித்து, ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து காத்திருந்ததைச் சொன்னேன். உள்ளங்கையால் நெற்றியில் தட்டிக்கொண்டார். "சாரி டீச்சர். ஆனா கரடி, பௌர்ணமி வெளிச்சத்தில். வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைக்கும்" என்றார்.

அவள் இங்கிலீஷில் தவறிப்போனாள். முடிவு வரும்போது அவர் வெயிலுக்குப் பயந்து தன் நாட்டுக்குக் கிளம்பியிருந்தார். ஒரு மத்தியான வகுப்பு நடந்திருந்தால் தேறியிருப்பாளா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. வேறொன்று தெரியும். மறுபரீட்சை எழுத வைக்கலாம் என்று கடைக்குப் போய்க் கெஞ்சினேன். அந்த அம்மா சுண்டலைக் கிளறிக்கொண்டே சொன்னார். "படிப்புக்கு லீவு இல்லன்னு சொன்னவரு லீவு போட்டுட்டாரு. சொன்ன பேச்சுக்கு வந்து நின்னது நீங்கதான் டீச்சர். உங்களுக்கு இங்கிலீஷ் வராது." மகள் பின்னால் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து, போன மாதம் சார் வந்திருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. நிர்வாகிகள் பாராட்டு விழா வைத்தார்கள். முந்தின நாள் பௌர்ணமி. விழாவுக்குப் போகும் வழியில் அவள் கடையில் நின்றேன். இப்போது கடை அவளுடையது. மலை சுற்ற வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசி இங்கிலீஷும் அவளுக்கு வந்துவிட்டது.

"சாரு ராத்திரி இங்கதான் காபி குடிச்சாரு டீச்சர். பாத்ததுமே கண்டுபுடிச்சுட்டேன். அவருக்குத் தெரியல."

"சொல்றதுதானே?"

"கரடி எப்டி இருக்குதுன்னு கேக்கலாம்னு நெனச்சேன். கூட்டம் ஜாஸ்தி" என்று டம்ளரைக் கழுவினாள்.

சால்வையெல்லாம் போர்த்தி முடிந்ததும் சார் என்னிடம் வந்தார். "நேற்று ஒரு கடையில் அந்தம்மா என்ன அழகாக இங்கிலீஷ் பேசுகிறார் தெரியுமா. எங்கே படித்தாரோ" என்றார். "இங்கதான் சார், உங்ககிட்டதான்" என்றேன். மாசிப் பௌர்ணமியில் வந்து காத்திருந்த பெண் என்றும், பத்தாவதோடு நின்றுபோனாள் என்றும் சொன்னேன். அவர் கண்ணை இடுக்கி யோசித்தார். நினைவு வரவில்லை. அப்புறம் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்கள், நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை" என்றார்.

கரடிப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு போட்டோ எடுங்கள் டீச்சர் என்று போனை நீட்டினார். அந்த நிலாவை மறக்கவே முடியாது என்றார். எடுத்துக் கொடுத்தேன். படத்தில் அவர் விழுந்தார், கரடி விழுந்தது, அதன் குட்டிகூட விழுந்தது. அதே நிலாவில்தான் வாசற்படியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.