வீரப்பன் வைக்கும் கஞ்சி

ஊறிய அரிசியைக் கையாலேயே நொறுக்கிப் பானையில் போடுகிறார் வீரப்பன். கொஞ்சம் வெந்தயம், உரித்த பூண்டு, வாசத்துக்கு முடிச்சுப் போட்ட பாண்டான் இலை. பானையைத் தூக்கி அடுப்பில் வைக்கும்போது வாயால் "பீப், பீப்" என்று சத்தம் கொடுப்பார். இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்டால், "பேக்டரில சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுன கை லா. மெதுவா ஏத்தணும், மெதுவா எறக்கணும்" என்பார். சமைக்கத் தொடங்கிய புதிதில் இந்தச் சத்தத்துக்கு அவர் மனைவி திலகா விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் சமையலறைக்குள் போனதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான். அப்படிப்பட்ட மனிதர் இன்று பாச்சாங் வட்டாரத்தில் தம் வரிசை வீட்டுச் சமையலறையில் நின்று, மழை எப்படிப் பெய்கிறது என்று பார்த்துத்தான் என்ன சமைப்பது என்று முடிவு செய்கிறார். தூறல் என்றால் மிளகு ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்த சோறு. கொஞ்சம் வலுத்தால் முட்டை உடைத்து ஊற்றிய மேகி. வானம் கறுத்து, வீட்டுக்குள் குளிர் ஏறிவிட்டால் தேங்காய்ப்பால் கஞ்சியும் மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்திலியும். எல்லாம் சுலபமான சமையல்தான். சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடு.

திலகாவுக்கு மறதி நோய். பகலில் அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள். பொழுது சாய்ந்து மழையும் வந்துவிட்டால் போதும், முன்பக்கத்துக் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள்.

"அண்ணே, இருட்டிருச்சு. அவர இன்னும் காணோம்ணே."

அந்த 'அவர்' வீரப்பன்தான். அவள் மனத்தில் இருக்கும் வீரப்பனுக்குக் கறுத்த மீசையும் நிமிர்ந்த முதுகும் உண்டு. எதிரே நிற்கும் நரைத்த ஆள், எங்கிருந்தோ வந்து சமைத்துப் போடும் ஏதோ ஓர் அண்ணன். ஒருநாள் மீசைக்குச் சாயம் பூசி, பழைய பேக்டரிச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். "கல்யாணத்துக்கா போறீங்கண்ணே?" என்று கேட்டாள். அன்று ராத்திரியே தேய்த்துத் தேய்த்துச் சாயத்தைக் கழுவினார். மீசைக் கறுப்பு போனபாடில்லை, மேலுதடு எரிந்ததுதான் மிச்சம்.

கல்யாணமானதிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் திலகா தட்டை எடுப்பாள். கூட உட்கார்ந்து சாப்பிடு என்று அவரும் சொன்னவரில்லை. உண்மையைச் சொன்னால், கூட்டாளிகள் மத்தியில் அது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பெற்ற பிள்ளையின் பெயர்கூட மறந்துவிட்டது, இந்தப் பழக்கம் மட்டும் மறக்கவில்லை. கஞ்சியை ஆற்றி முன்னால் வைத்தால், "அவரு வரட்டும்ணே" என்று கிண்ணத்தைத் தள்ளி வைப்பாள். தாம்தான் அவர் என்று எப்படிச் சொல்லியும் எடுபடவில்லை.

பக்கத்து வீட்டு அனுசியா கிளினிக்கில் தாதி. அவள்தான் மெல்லச் சொன்னாள்: "அங்கிள், ஆன்ட்டி ரொம்ப எளச்சிட்டாங்க. இப்படியே போனா மூக்குல டியூப் போட்டுருவாங்க." வீரப்பன் ஆஸ்பத்திரி வார்டில் பார்த்திருக்கிறார். குழாயைப் பிடுங்குபவர்களின் கையைக் கட்டிலோடு கட்டி வைப்பார்கள். திலகாவின் கையைக் கட்டுவதா?

ஒரு மாலை தேங்காய்ப்பால் தீர்ந்து, அனுசியாவைத் துணைக்கு வைத்துவிட்டுக் கடைக்குப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போன் அடித்தால் எடுத்தது திலகா.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

அந்த 'என்னங்க'வைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. முகம் மறந்தவளுக்குக் குரல் மறக்கவில்லை. கடை வாசலில் அத்தனை பேர் நடுவே அவருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே பழைய வழக்கம் வாயில் வந்தது. "ஓவர்டைம் இருக்கு. எனக்காகக் காத்திருக்காத, நீ சாப்ட்டு படு."

நனைந்துபோய் வீடு திரும்பினால், கிண்ணத்தில் ஒரு பருக்கை இல்லை.

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். கஞ்சியை வைத்து, பக்கத்திலேயே போனையும் வைத்துவிட்டு, முன்வாசலுக்குப் போய் மோட்டார் சைக்கிள் அருகில் நின்று அவளை அழைப்பார். தாம் வீட்டுக்கு வரவில்லை என்று கட்டிய மனைவியிடம் நாள் தவறாமல் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவள் வயிறு நிறையும். இதைவிடக் கேவலமான பிழைப்பு இருக்கிறதா என்று அவரே கேட்டுக்கொள்வார்.

இன்று மழை கொட்டுகிறது.

"ஓவர்டைம். நீ சாப்புடு."

"தெனமுமா?"

"லோடு அதிகம்லா."

"நீங்க சாப்ட்டீங்களா?"

"ம். கேண்டீன்ல சாப்ட்டேன்." காலையிலிருந்து அவர் வயிற்றுக்குள் போனது ஒரு கிளாஸ் மைலோ.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னங்க, வீட்டுல ஒரு ஆளு இருக்காரு. வயசானவரு. நல்லாத்தான் சமைக்கிறாரு. ஆனா இருட்டுனாலும் போக மாட்றாரு. எனக்குப் பயமா இருக்கு. போகச் சொல்லுங்க."

இத்தனை நாளும் இருட்டுக்கும் மழைக்கும்தான் அவள் நடுங்குகிறாள் என்று நினைத்திருந்தார். அவள் பயம் தணியத்தான் இவ்வளவு சமையலும். பயமே தாம்தான் என்று இப்போது தெரிகிறது. அழுதாலாவது பாரம் குறையும், அழுகையும் வரவில்லை.

"சரி, சொல்றேன். போயிருவாரு. கஞ்சி ஆறிரும், குடி."

ஜன்னல் வழியே பார்த்தார். அவள் கரண்டியைத் தொடவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரப்பன் குனிந்து, படியோரம் கிடந்த தம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மழைக்குள் இறங்கித் தெருவுக்குப் போய், அவளுக்குக் கேட்கும்படி கேட்டை இழுத்துச் சாத்தினார்.