உறை போட்ட கம்ப்யூட்டர்

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. அக்காவின் கல்யாண வீடியோவை ஒரே கோப்பாக மாற்றக் கணினியில் கொடுத்துவிட்டு, திரையை மட்டும் அணைத்து எழுந்தேன். மஸ்கட்டில் வேலை பார்த்த அண்ணன், விடுப்புக் கிடைக்காமல் கல்யாணத்துக்கு வரவில்லை. அவனுடன் ஒரே அறையில் தங்கியிருந்த பக்கத்து வீட்டு மாமா அன்று மாலை அங்கே திரும்புகிறார். பென் டிரைவை அதற்குள் அவரிடம் கொடுத்தாக வேண்டும். விளாத்திகுளம் பக்கத்து எங்கள் ஊரில் அத்தனை பெரிய கோப்பு இணையத்தில் ஏறாது.

இன்று நான் வேலை செய்யும் லேப்டாப்பில் சத்தமே இல்லை. அந்தக் கணினிப் பெட்டியின் இரைச்சல் வீடு முழுக்கக் கேட்கும். அந்த இரைச்சல் இல்லாதது இப்போதும் ஒரு குறையாகவே படுகிறது. கோவில்பட்டிக் கடையில் பாகங்களைச் சொல்லிச் சேர்த்து வாங்கிய பெட்டி அது. வேகமான ப்ராசஸர், தாராளமான ராம், படங்களை வைக்க ஹார்ட் டிஸ்கில் இடம், அரக்குப் புடவையை அரக்காகவே காட்டும் திரை என வீடியோ வேலைக்குக் கடைக்காரர் சொன்ன அனைத்தும் இருந்தன. காற்றோட்டம் வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதை நாங்கள் காதில் வாங்கவில்லை. கோடையில் கரிசல் தூசி சாத்திய சன்னலுக்குள்ளும் வரும். அதனால் அம்மா பழைய திரைச்சீலையில் பெட்டிக்கு உறை தைத்திருந்தாள். சுருக்குக் கயிறு உட்பட.

நான் குளித்துச் சாப்பிட்டு வந்தபோது, பெட்டி அந்த உறைக்குள் இருந்தது. இரைச்சல் இல்லை. தொட்டால் தோசைக்கல்லாகச் சுட்டது.

“எம்மா, ஓடிக்கிட்டிருந்தத ஏன் மூடுன?”

“திரை கருப்பா கெடந்துச்சு. வேலை முடிஞ்சிட்டுன்னுல்லா நெனச்சேன். பிள்ளைக்குப் போத்துத மாதிரி போத்துனேன், அது மூச்சுமுட்டி நின்னுட்டே!”

பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை எதிரே வைத்து இயக்கினேன். உயிர் வந்தது. ஆனால் முழுப் படத்தையும் முதலிலிருந்து மாற்ற மாலைவரை நேரம் போதாது. பாதிதான் போகும்.

தாலி கட்டுவதையும், காரில் ஏறுமுன் அக்கா கேமராவைப் பார்த்து அண்ணனிடம் பேசியதையும் வைத்தேன். அண்ணன் போட வேண்டிய மைத்துனர் மோதிரத்தைச் சித்தப்பா மகன் போட்ட இடத்தில் கை நின்றது.

“அத வெட்டாத, அவனுக்குத் தெரியாததா?” என்றாள் அம்மா. “பந்தியையும் போடு.”

“சாப்பிடுதத யாரும்மா பாப்பா?”

“ஏட்டி, பந்தியிலதான் எல்லா மொகமும் தெரியும்.”

பந்தியை வெட்டிவிட்டேன். மாமா காரில் ஏறியபோது பென் டிரைவ் அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன் அண்ணன் அழைத்தான்.

“மோதிரம் போடுத பயலுக்குக் கை என்னா நடுங்கு நடுங்குது!” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு வேண்டியதற்கு மேல் நீண்டது. பிறகு கேட்டான்: “பந்தி எங்கட்டி? யாரார் வந்தாவன்னு பாக்கத்தான் உக்காந்தேன். புதூர் பெரியப்பா வந்தாவளா?”

“வந்தாவ. ரெண்டு தடவ பாயசம் கேட்டாவ.”

“மொதல்ல அத அனுப்பு.”

பல்கூடத் துலக்காமல் கணினியை இயக்கினேன். எங்கள் ஊர் சிக்னல் தாங்கும் அளவுக்குப் பந்தியைச் சிறு துண்டுகளாக்கி, பெரியப்பாவின் இலையிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினேன்.