உள்ளே தொட்டாலும் மூடிக்கொள்ளும் பெட்டி

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பெட்டிக்காரி’ என்று பெயர். இணையப் பக்கங்களில் சட்டென்று திறந்து மூடும் பெட்டிகளெல்லாம் அவள் கைவேலை. உள்ளே க்ளிக் செய்தால் பெட்டி திறந்தே இருக்க வேண்டும். வெளியே எங்கே செய்தாலும் மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

அன்று ஒரு நாட்காட்டிப் பெட்டி அவளைப் பாடாய்ப் படுத்தியது. தேதியைத் தொட்டால் சமர்த்தாக இருந்தது. அடுத்த மாதத்துக்குப் போகும் அம்புக்குறியைத் தொட்டால் பட்டென்று மூடிக்கொண்டது. அம்புக்குறி இருந்ததோ பெட்டிக்குள்ளேதான்.

“உள்ளதானே தொடுறேன்? எதுக்கு வெளியேங்குது?” என்று திரையிடமே கேட்டாள்.

பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்தான். “உன் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துது. விவரமான பெட்டி.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனம் வீட்டில் கிடந்தது. அக்கா இறந்ததிலிருந்து அம்மா அதிகம் பேசுவதில்லை. காலையில் அத்தான் துணிகளை எடுத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“உங்கக்கா இருந்தவரைக்கும் நான் இந்த வீட்டு ஆளு. இனிமே வெளியாள்தானே, பாப்பா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் இல்லை என்று கேட்டால் என்ன சொல்வது? “நான் வர்றவரைக்கும் போயிடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மதியம், பெட்டியை இயக்கும் நிரலை வரி வரியாக நிறுத்திப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அம்புக்குறியைத் தொட்டதும் பெட்டி அதை எடுத்துவிட்டு, புது மாதத்தோடு புது அம்புக்குறியையும் வரைகிறது. அதற்குப் பிறகுதான், ‘தொட்ட பொருள் உள்ளே இருக்கிறதா?’ என்ற கேள்வி வருகிறது. தொட்ட பொருளே அப்போது இல்லை. இல்லாததெல்லாம் வெளியே என்று கணக்கு.

கேள்வியை மாற்றினாள்: இப்போது எங்கே என்று கேட்காதே, தொட்ட நேரத்தில் எங்கே இருந்தது என்று கேள். பெட்டி மூடவில்லை.

சாயங்காலம் அத்தான் பெட்டியோடு வாசலில் நின்றார்.

“அத்தான், ஒருத்தங்க இல்லாமப் போனா, அவங்க வழியா வந்தவங்க வெளியாள் இல்ல. எப்ப கேக்குறோம்ங்கிறதுலதான்... அந்த அம்புக்குறி இருக்குல்ல...”

“என்னம்மா உளர்றே? எந்த அம்பு?”

அவளுக்கே பாதியில் பிடி விட்டுப்போனது. அழுகைதான் வந்தது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “கதவைத் திறந்து போட்டுட்டு என்ன பேச்சு? கொசு வருது. சாத்திட்டு உள்ள வாங்க, மாப்ளே.”

அத்தான் தெருவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.