கொடிக்கம்பத்துக்கு ஒரு நாற்காலி

அவளுக்குக் கொடிக்கம்பம் என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐந்து மாடித் துணிக்கடை. கீழ்த்தளத்தில் பில் போடும் மேஜைகள் ஆறு. என் பக்கத்து மேஜை அவளுடையது. நாளெல்லாம் நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு மனு எழுதி, கையெழுத்து வாங்கி, மேலாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நாற்காலி பெற்றோம். ஐந்து பேர் உட்கார்ந்தோம். அவள் மட்டும் தன் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றாள்.

மேலாளருக்கு அது போதாதா? "அந்தம்மா நிக்கலையா? உங்களுக்கு மட்டும் என்ன நோகுது?" என்றார். பத்தே நாளில் நாற்காலிகள் கிடங்குக்குப் போய்விட்டன.

சாப்பாட்டு அறையில் அவளைப் பிடித்தேன். அங்கேயும் சுவரில் சாய்ந்து நின்றுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி காக்கா பிடிக்கிற? எங்க வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடுமா?"

"உட்கார்ந்தா வலிக்குதுக்கா."

"எங்க, முதுகா?"

"கீழ."

அவள் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

பெண்ணுறுப்பின் வாசலில் வலி. அந்த வார்த்தையை அவள் சொல்லவே இல்லை, நான் எழுதுகிறேன். மிளகாய் தேய்த்த மாதிரி ஆறு வருஷமாக எரிச்சல். பஸ்ஸில் இடம் கிடைத்தால் யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடுவாள். தங்கமான மனசு என்று நாங்களே பாராட்டியிருக்கிறோம். வீட்டில் கடைசி ஆளாக, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். எத்தனை பொறுப்பான பெண் என்று மாமியாருக்கு ஒரே பெருமை.

முதல் டாக்டர் களிம்பு கொடுத்தார். இரண்டாமவர், இன்னொரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார். மூன்றாமவர் மனசில்தான் கோளாறு என்று தூக்க மாத்திரை எழுதினார். நாலாவதாகப் பார்த்த பெண் டாக்டர்தான் பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். அவள் துள்ளி விழுந்தாள். "இது நிஜமான வலிதாங்க" என்று அவர் சொன்னதும் ஓவென்று அழுதுவிட்டாளாம். பிறகு ஒன்றரை வருஷம் மருந்து, பயிற்சி. பெரிதாகக் குறையவில்லை. இப்போது ஆபரேஷன் என்கிறார். வலிக்கிற தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பார்கள்.

"எங்க அம்மா, அந்த இடத்துல கத்தியாங்கிறாங்க. கூடப்பொறந்த அக்கா, பண்ணிக்கோ, இல்லைன்னா அவர் வேற பக்கம் பார்த்துடுவாருங்கிறா."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"நீங்களுமாக்கா?" என்றாள். "இத்தனை வருஷம் பக்கத்துல நிக்கிறேன். இவ உட்காரணுமேன்னு ஒருத்தருக்காவது தோணுதா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

மறுவாரம் டாக்டரிடம் என்னையும் கூட்டிப்போனாள். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடித்ததில்லை, குடித்ததில்லை. நான் உட்காருவதற்குள் கேட்டார்: "எத்தனை நாள்ல பழையபடி இருக்கலாம் டாக்டர்?"

"மூணு மாசமாவது பொறுக்கணும்."

கணவர் விரல் விட்டு எண்ணினார். என் கண்ணால் பார்த்தேன்.

அவள் நின்றுகொண்டே கேட்டாள். "நான் உட்காரலாமா டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பொய் சொல்ல மாட்டேன். தொட்டா வர்ற வலி நிறைய பேருக்குக் குறையுது. தாம்பத்யத்துக்கு உதவும். ஆனா உட்கார்றப்ப வர்ற வலி உங்களுக்குக் குறையும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. சிலருக்குக் கூடியும் இருக்கு."

வெளியே நடையில் கணவர் சம்மதப் படிவத்தை நீட்டினார். "எதுக்கு இழுத்துக்கிட்டு? போட்டுடு கையெழுத்தை."

"உட்கார முடியும்னா இன்னைக்கே போட்டிருப்பேன்."

"எனக்காகக்கூடப் பண்ணிக்க மாட்டியா?"

"உங்களுக்காகப் பல்லைக் கடிச்சதுதான் ஆறு வருஷமா நடந்துச்சே. வெட்டிக்கவும் சொல்றீங்களா?"

"உனக்கு ஆசையே இல்லையா?"

"இருந்துச்சு. செத்து நாலு வருஷம் ஆச்சு. நீங்க கவனிக்கலை."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். இருக்கை காலியாக இருந்தது. நானும் நின்றேன். "நடிக்காதீங்க, உட்காருங்கக்கா" என்றாள். உட்கார்ந்தேன்.

ஆபரேஷனுக்குக் குறித்திருந்த நாளில் கடைக்கு வந்து நின்றாள். நாங்கள் நாற்காலிகளைத் திருப்பிக் கேட்டதும் மேலாளர் வழக்கம்போல எங்களைப் பார்த்து ஆரம்பித்தார். "அந்தம்மா நிக்கலையா?"

"என்னைக் காட்டாதீங்க சார்." அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உட்கார்ந்தா எனக்கு வலிக்குது. அதனால நிக்கிறேன். எந்த இடத்துல வலிக்குதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டுமா?"

அவர் காது வரை சிவந்து, யாரோ கூப்பிட்ட மாதிரி மாடிப்படி ஏறிவிட்டார். சாயங்காலமே நாற்காலிகள் திரும்பி வந்தன.

வீட்டில் கணவர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. டாக்டர் வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கொடிக்கம்பம் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஐந்து நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். ஆறாவதில் அவள் தன் கைப்பையை வைத்துவிட்டு, நின்றபடி பில் போடுகிறாள்.