விசில் அடிக்காத குக்கர்

எங்கள் பாட்டில் கம்பெனியில் டெஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் சம்பளம் போடுகிற பெண்கூடக் கொஞ்சம் யோசிப்பாள். எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். மெயினை அணைத்தாகிவிட்டது என்று நீங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கம்பியில் கை வைப்பார். நான் ஸ்டோர் கீப்பர். அவருக்கு ஒயரும் ஃப்யூசும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே சிநேகிதம் ஆனவன். அதனால் அவர் கதையை நான் சொல்வதில் தப்பில்லை. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மனைவி இருந்தவரைக்கும் அவர் சமையலறைக்குள் போனது பல்பு மாற்றத்தான். காய்ச்சல் என்று படுத்த அந்த அம்மாள் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் மிஞ்சியது அவரும், எட்டாம் வகுப்புப் படிக்கிற மகளும். வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். காலையில் ரொட்டியும் ஜாமும், சாயங்காலம் கடைப் பொட்டலம் என்று இருவரும் ஓட்டினார்கள். பாப்பாவின் கழுத்தெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. கேட்டால் பசிக்கவில்லை என்று ஒரே பதில்தான்.

மனைவியின் தங்கை ஊரின் மறுகோடியில் தையல்கடை வைத்திருக்கிறார். பாப்பாவுக்குச் சித்தி. காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அவர் மட்டும் உட்கார்ந்திருந்து விஷயத்தைப் பேசினார்.

“பாப்பாவை என்கிட்ட விட்டுடுங்க மாமா. என் ரெண்டோட மூணா வளரட்டும்.”

டெஸ்டர் அவகாசம் கேட்டார். பெரிய பரீட்சை வரைக்கும் பார்ப்பது, அதற்குள் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒருவேளையாவது சுடச்சுடச் சாப்பாடு கிடைக்க வேண்டும், உடம்பு தேற வேண்டும், இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. சித்தியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல மனுஷி, அக்கா மகள் என்ற பாசம். ஆனால் பாப்பா போக மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, அப்பா தனியாக இருப்பாரே என்றாளாம். இதைச் சொல்லும்போது டெஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் ஃப்யூஸ் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு விடிவதற்கு முன்பே ஷிஃப்ட். திரும்பி வரும்போது இருட்டிவிடும். இதில் எங்கே நின்று சமைப்பது? அப்போதுதான் கேன்டீன் பரண்மேல் ஒயர் கருகிப்போய்க் கிடந்த ஸ்லோ குக்கர் அவர் கண்ணில் பட்டது. யாரோ கொடுத்தது, ஒயர் போன பிறகு யாரும் தொட்டதில்லை. உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு திருகு. காலையில் கறியும் காயும் போட்டு மூடித் திருகிவிட்டுப் போனால், அது பாட்டுக்கு நாள் முழுக்க மெல்ல வெந்துகொண்டிருக்கும். கேன்டீன் அம்மா எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். விசில் அடிக்காத குக்கரை வைத்து எப்படித்தான் சமைப்பீர்கள், வெந்தது என்று அதுவே வாயைத் திறந்து சொல்லுமா என்று நாங்கள் கிண்டலடித்தோம். அவர் அசடு வழியச் சிரித்துவிட்டு, புது ஒயர் போட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் நாள், அடுப்பில் வைப்பது போலவே சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டார். அதில் ஆவி வெளியே போகாது. ஊற்றின தண்ணீர் அப்படியே நிற்கும், கோழி விடுகிற தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். சாயங்காலம் மூடியைத் திறந்தால் கோழி நீச்சலடித்துக்கொண்டிருந்தது. அடுத்த தடவை கறியை அடியில் போட்டுக் கிழங்கை மேலே போட்டார். கறி கரைந்துபோக, கிழங்கு பல்லை உடைத்தது. லீவு நாளில் வீட்டில் இருந்து செய்தபோதோ, ஆகிவிட்டதா ஆகிவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் பொழுது சாய்ந்தும் வேகவில்லை. எதையும் சோதித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

மறுநாள் கேன்டீன் அம்மாவிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கிழங்கு, கேரட் எல்லாம் அடியில், கறி மேலே, தண்ணீர் காய் மூழ்காத அளவு, மூடியை மட்டும் தொடவே கூடாது, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே இருக்கிற சூடெல்லாம் ஓடிவிடும் என்று அந்த அம்மா சொல்லிக் கொடுத்தார். அந்த வாரமே பலித்தது. பாப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். ஸ்டோருக்குள் வந்து அதைச் சொன்ன மனுஷர், தண்ணீர் குடிப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு வாரத்துக்கு நான்கைந்து நாள் குக்கர்தான். மிளகு போட்டுக் கோழி, தக்காளி போட்டுப் பட்டாணி, எலும்பு சூப். பாப்பாவின் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆயிற்று. சித்திகூட ஒருநாள் வந்து சாப்பிட்டுப் பார்த்து, பரவாயில்லையே மாமா என்று சொல்லிவிட்டுப் போனார். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஏறக்குறைய ஜெயித்துவிட்டார் என்றே நாங்கள் நினைத்தோம்.

ஒரே ஒரு குறை. அவர் விடியுமுன் வைத்துவிட்டுப் போவது மத்தியானமே வெந்துவிடும். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வரும்வரைக்கும் அது கொதித்துக் கொதித்துக் கூழாகிவிடும். பல்லில்லாத குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள். டெஸ்டருக்கு அது போதாதா? பழைய மெஷினில் இருந்து கழற்றிப்போட்ட டைமர் ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கி, சுத்தம் செய்து, ஒரு டப்பாவில் அடக்கி, குக்கருக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டினார். விடியுமுன் எல்லாவற்றையும் சட்டியில் போட்டு மூடிவிட்டுப் போகலாம். வெயில் ஏறின பிறகு டைமர் தானாகக் கரண்ட் விடும். பாப்பா வரும் நேரத்துக்குப் பதமாக வெந்திருக்கும். அழகான வேலை. ஸ்டோரில் கொண்டுவந்து காட்டியபோது எல்லாரும் கைதட்டினோம். சமையல் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. கேன்டீன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இது கரண்ட் விஷயம் என்று அவர் நினைத்தார். கரண்ட் விஷயத்தில் அவர் யாரையும் கேட்பதில்லை.

பச்சைக் கறி அந்தச் சட்டியில் காலை முழுக்கச் சூடில்லாமல் கிடக்கும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. குளிர் காலமாக இருந்ததால் கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் திடீரென்று வெயில் கொளுத்த ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிற வீடு, சமையலறை சூளையாகத்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கு ஒரு மெஷின் நின்றுபோய் அவரால் நேரத்துக்குக் கிளம்ப முடியவில்லை. பாப்பாவை முதலில் சாப்பிடச் சொல்லிப் போன் செய்தார். வீட்டுக்குப் போனபோது பாத்ரூம் கதவு திறந்திருந்தது, அவள் தரையில் கிடந்தாள். வாந்தி எடுத்து எடுத்துக் கண் உள்ளே போயிருந்தது. கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. எனக்குப் போன் வந்தபோது அவர் பேசியது எதுவும் புரியவில்லை, ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும் புரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பாப்பாவின் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. சித்தி தையல்கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. உடம்பில் தண்ணீரே இல்லாமல் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். அவருக்கு இளவயதுதான், பெண் டாக்டர். படுக்கை ஓரத்தில் குனிந்து, என்ன சாப்பிட்டாய் என்று பாப்பாவைக் கேட்டார்.

பாப்பா முதலில் சித்தியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“ஸ்கூல் வாசல்ல. நறுக்கின பழம்.”

பள்ளிக்கூட வாசலில் பழம் நறுக்கி விற்கிற பெண்ணை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பாள். டாக்டர் நர்சிடம், சுகாதார அலுவலகத்துக்கு உடனே சொல்லிவிட வேண்டும், மற்றப் பிள்ளைகளும் அங்கேதானே வாங்கித் தின்னும், நாளைக்கே அந்தக் கடையை எடுக்கச் சொல்லலாம் என்றார். சித்தி பெருமூச்சு விட்டார். பழி வீட்டின்மேல் விழவில்லை என்று அவருக்கும் ஒரு நிம்மதிதான் என்று எனக்குத் தோன்றியது. டெஸ்டர் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பாப்பா தேறி வீட்டுக்கு வந்திருப்பாள். அவர் கண் முன்னால் அவர் மகள் அவருக்கு வழி திறந்து வைத்துவிட்டாள்.

அவர் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது, எனக்கே அது தெரிந்தது.

“பழம் இல்லீங்க டாக்டர். வீட்ல, நான் வச்ச கறி. தட்ட வழிச்சுச் சாப்பிட்டிருக்கா. சிங்க்ல பாத்தேன்.”

எப்போது வைத்தது, எப்படி வேகவைத்தது என்று டாக்டர் கேட்டார். அவர் டைமரைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். குரலில் பிசிறே இல்லை, கம்பெனியில் ஃபால்ட் எங்கே என்று சொல்வாரே அதே குரல். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பச்சைக் கறி வெக்கையில் கிடந்து ஒரு தடவை கெட்டுவிட்டால் அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது, வாசனைகூட மாறாமல் இருக்கலாம் என்று விளக்கினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று டெஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

சித்தி தன் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் சுற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பாப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஏம்ப்பா சொன்ன?”

அவ்வளவுதான் கேட்டாள். நான்தான் அந்த இடத்தில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பா நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள். பெட்டியை டெஸ்டரே கட்டிக் கொடுத்தார். கம்பெனியில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஆம்பளை சமையல் கடைசியில் இப்படித்தான் முடியும் என்று ஒருவன், பெற்ற பிள்ளைக்கே விஷம் வைத்தவர் என்று இன்னொருவன். அவனை நான் சட்டையைப் பிடித்துவிட்டேன். வயதுக்கு ஏற்ற காரியம் இல்லை, தெரியும். பேசினவர்களில் ஒருத்தனாவது அந்த டாக்டர் முன்னால் வாயைத் திறந்திருப்பானா என்பதுதான் என் கேள்வி. டைமரை அவர் ஸ்டோரில் கொண்டுவந்து வைத்தார். நானும் வாங்கிப் பழைய சாமான்களோடு போட்டேன்.

குக்கரையும் தலைமுழுகிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாப்பா வருவாள், காலையில் சித்தி கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப்போவார். அன்றைக்கு டெஸ்டர் கடைக்குப் போய் அப்போதுதான் வெட்டின கறியை வாங்கி வந்து, வந்த கையோடு சட்டியில் போட்டு, அந்த நிமிஷமே திருகிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மூடியைத் தொடுவதில்லை. வெந்ததும் மிச்சத்தை ஆறவைத்து ஃப்ரிட்ஜில் ஏற்றி, திங்கட்கிழமை எனக்குக் கொண்டுவருவார். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு ருசி. கிழங்கு முழுசாக நிற்கும், வாயில் வைத்தால் கரையும். கேன்டீன் அம்மா சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, எனக்கே இப்படி வராது என்றார்.

பாப்பா மட்டும் சாப்பிடவில்லை. முதல் ஞாயிறு அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்ததாம். ஒரு வாய் எடுத்தாள், குமட்டிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். அடுத்த வாரமும் அதே கதை. மனசுக்குப் பிடித்தாலும் வயிறு கேட்கவில்லை. அதற்குப் பிறகு சித்தி டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட ஆரம்பித்தார். டெஸ்டர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டப்பா மூடியை அவரே திறந்து கொடுக்கிறார்.

போன ஞாயிறு, அவர் எனக்குக் கறி கொண்டுவந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். இருவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் முன்னால் தட்டில் குக்கரிலிருந்து எடுத்த கறி ஆவி பறந்தது. அவள் முன்னால் மூடின டப்பா. எனக்கும் ஒரு தட்டை எடுக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டு ஓரமாக நின்றேன். சாப்பாடு பரிமாறி வைத்திருந்தும் அவர் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பருக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பாப்பா எழுந்து அவர் பக்கம் போனாள். தட்டின்மேல் குனிந்து முகர்ந்தாள். அவள் முகம் வெளுத்தது, தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நன்றாக இழுத்து முகர்ந்தாள். ஸ்பூனால் ஒரு துண்டைப் பிளந்து உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்தாள். வாசனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அந்த டாக்டர் சொன்னதை அவளும்தான் கேட்டாள். அவரும்தான் கேட்டார்.

“சாப்பிடுப்பா. நல்லாத்தான் இருக்கு.”

அவர் சாப்பிட ஆரம்பித்தார். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, தன் டப்பாவைத் திறந்தாள்.